மீன்காரர் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது: அம்மாவை டொக்டரிடம் எப்படிக் கூட்டிப்போவது?

பாலையூற்று மகன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு நாளாக எழுதுவதும் அழிப்பதுமாக இருந்து இப்போதுதான் போடுகிறேன், நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 58 வயது. பிறஷருக்கும் முழங்கால் நோவுக்கும் மருந்து எடுக்கிறார், மற்றப்படி சுகமாகத்தான் இருந்தவர். அப்பா துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், தம்பி கட்டார் போய் எட்டு மாதம், தங்கைக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறோம். திருகோணமலையில் எங்கள் ஒழுங்கைக்குக் காலை ஏழு மணிக்கு மீன்காரர் சைக்கிளில் ஹோர்ன் அடித்துக்கொண்டு வருவார். அம்மா படலைக்கு வெளியே போய் நின்று ஒவ்வொரு மீனாகப் பார்ப்பார். செவுளைத் தூக்கிப் பார்ப்பார், வயிற்றை விரலால் அமத்திப் பார்ப்பார், இது நேற்றைய சூடை, ஐஸில் கிடந்தது, எனக்கு வேண்டாம் என்பார், பிறகு விலையில் ஒரு சண்டை நடக்கும், கடைசியில் ஒரு மீனாவது மேலதிகமாகச் சட்டிக்குள் விழாமல் உள்ளே வரமாட்டார். போன கிழமை நான் வேலைக்கு வெளிக்கிடும்போது அவர் என்னை மறித்து, "தம்பி, அம்மாவுக்குச் சுகமில்லையோ? ரெண்டு மாசமா மீனைப் பாக்கிறாவே இல்லை, ஏதாவது தாங்கோ எண்டு சட்டியை நீட்டுறா" என்று கேட்டார். ஒரே வீட்டில் இருக்கிற நாங்கள் மூன்று பேரும் காணாததை அந்த மனிதர் கண்டிருக்கிறார்.

அன்றையிலிருந்துதான் நான் கவனிக்கத் தொடங்கினேன். இரவு மூன்று மணிக்கு எழும்பிக் குசினிப் படியில் இருட்டிலேயே இருக்கிறார். தலை இழுப்பதில்லை. வெள்ளிக்கிழமை என்றால் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போகாமல் விடாதவர், இப்போது கேட்டால் கால் நோகுது என்கிறார். சட்டை எல்லாம் தொளதொளவென்று நிற்கிறது. தம்பி வீடியோ கோல் எடுத்தால் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனைத் தங்கையிடம் கொடுத்துவிடுகிறார். "நான் ஆருக்கும் ஒரு பாரமாத்தான் இருக்கிறன்" என்று ஒருநாள் தன்பாட்டில் சொன்னார். நெஞ்சு எரிகிறது, உடம்பெல்லாம் உளைகிறது என்றதால் ஈசிஜி எடுத்தோம், வயிற்றுக்குள் கமரா விட்டும் பார்த்தார்கள், எல்லா ரிப்போர்ட்டும் நல்லது. தனியார் ஆஸ்பத்திரியில் காசு கட்டிச் சனல் பண்ணிக் காட்டிய டொக்டர் இரண்டு நிமிடத்தில் "ஒன்றுமில்லை அம்மா, யோசிக்காமல் இருங்கோ" என்று சொல்லி காஸ்ரிக் குளிசையும் நித்திரைக் குளிசையும் எழுதித் தந்தார், அவ்வளவுதான்.

மாமி ஏழரைச் சனி என்று சொல்லி நூல் கட்டிவிட்டார். அப்பாவோ "அவளுக்கு இப்ப என்ன குறை, சும்மா யோசிக்கிறாள்" என்கிறார். மனநல டொக்டரிடம் காட்டுவோமா என்று நான் மெல்லக் கேட்டதற்கு, அங்கே போனால் தலைக்குக் கரண்ட் பிடிப்பார்கள், கொழும்புப் பக்கம் அங்கொடை மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், கல்யாணம் பேசுகிற நேரத்தில் இது வெளியில் தெரிந்தால் என்ன ஆகும் என்று அப்பா கத்தினார். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எனக்கென்ன விசரே?"

இது மனச்சோர்வுதானா? யாரிடம் காட்டுவது? வயிற்று டொக்டர் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்றும் யோசிக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


நிலாவெளி டீச்சர் எழுதியது:

தம்பி, உங்கள் அம்மாவுக்கு என்ன வருத்தம் என்று நான் சொல்லக்கூடாது, அதை டொக்டர்தான் சொல்லவேண்டும். எனக்கு வந்ததைச் சொல்கிறேன், எங்கேயாவது பொருந்துகிறதா பாருங்கள்.

நான் நாலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். ஒருநாள் கரும்பலகையில் திகதியை எழுதப் போனவள் சோக்கைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டேன். அன்றைக்கு என்ன திகதி என்று தெரியும். எழுதவேண்டும் என்றும் தெரியும். கை எழும்பவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது, முன்வாங்கில் இருந்த ஒரு சின்னப்பிள்ளை வந்து என் சேலைத்தலைப்பைப் பிடித்து "டீச்சர், நான் எழுதவா?" என்று கேட்டது. வெளியில் எல்லோரும் இதைச் சோம்பல் என்கிறார்கள், கவலை என்கிறார்கள். கவலை என்றால் நான் அழுதிருப்பேனே, எனக்கு அழுகைகூட வரவில்லை. என் பிள்ளை விழுந்து முழங்கால் உரஞ்சிக்கொண்டு வந்தபோது அதை எங்கோ தூரத்தில் நடப்பதுபோலப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அந்த ஒன்றுக்காக என்னையே நான் வெறுத்தேன்.

என் கணவர்தான் பெரியாஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். அந்த வாங்கில் இருந்தபோது, யாரைக் காணக்கூடாது என்று கும்பிட்டுக்கொண்டு இருந்தேனோ அதேபோல ஒரு ஆள் வந்தார், என்னோடு படிப்பிக்கிற ஒருவரின் மாமியார். இரண்டு பேரும் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டோம். அடுத்த மாதமும் அப்படித்தான். மூன்றாவது மாதம் நல்ல மழை, வெளியில் ஒரே ஒரு ஓட்டோதான் நின்றது, இரண்டு பேருமாக ஏறி வந்தோம். ஒரு கதையும் வெளியில் போகவில்லை, அவருக்கும் தன் கதை வெளியில் போகக்கூடாதே. கிளினிக் வாங்கில் இருக்கிற எல்லோருக்கும் அதே பயம்தான், அதனால் அங்கே காண்கிறவர்களுக்கு நீங்கள் பயப்பட வேண்டியதில்லை.

குளிசையைப் பற்றி எனக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். முதல் பத்து நாள் நல்லாகவே இல்லை, இன்னும் மோசம். சத்தி வருகிறமாதிரி இருந்தது, கை ஒரு மாதிரிப் பதறியது, இதைத் தூக்கி எறிந்துவிடுவோம் என்றுதான் நினைத்தேன். மூன்றாவது கிழமை ஒருநாள் பின்னேரம் யாரும் சொல்லாமல் நானாகவே போய்க் குளித்தேன், அவ்வளவுதான் மாற்றம், ஆனால் கணவர் அதைக் கண்டுவிட்டு ஒன்றும் பேசாமல் தேத்தண்ணி போட்டுவைத்தார். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு பள்ளிக்கூடம் போனேன். நாலாம் மாதம் நல்லாகத்தானே இருக்கிறேன் என்று நானாகவே மருந்தை நிறுத்தினேன். இரண்டு மாதத்தில் திரும்ப வந்தது, முதல்முறையைவிடக் கடுமையாக. பிறகு டொக்டர் சொல்லுமட்டும் ஒன்றரை வருடம் எடுத்தேன். உங்கள் அம்மா மருந்து தொடங்கினால் இந்த இரண்டு இடத்தையும் கவனியுங்கள், முதல் இரண்டு கிழமையும், நல்லாக வந்த பிறகு "இனி வேண்டாம்" என்று சொல்கிற நாளும்.


கிண்ணியாக்காரன் எழுதியது:

வயிற்று டொக்டர் என்று சொல்லிக் கூட்டிப்போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், அதுக்காகத்தான் எழுத வந்தேன். செய்யாதீங்க.

எங்கட உம்மாவுக்கு இதே வருத்தம். வாப்பா மௌத்தான பிறகு வந்தது. முதலில் தண்ணி ஓதிக் கொடுத்தோம், அதில் உம்மாவுக்கு ஒரு ஆறுதல் இருந்தது, அதை நான் குறைசொல்ல மாட்டேன், இன்றைக்கும் ஓதுகிறோம். ஆனால் சாப்பாடும் நித்திரையும் திரும்பவில்லை. டொக்டரிடம் காட்டி மருந்து எடுத்தோம், உம்மா தொடமாட்டேன் என்று நின்றார், நான் என்ன செய்தேன் என்றால் குளிசையை இடித்துத் தேயிலைக்குள் போட்டுக் கொடுத்தேன். ஒன்பது நாள் போனது. பத்தாம் நாள் கோப்பையின் அடியில் வெள்ளையாகக் கிடந்ததை உம்மா விரலால் தொட்டுப் பார்த்தார். என்னை ஏசவில்லை. அதுக்குப் பிறகு ஒரு மாதமும் சில நாளும் என் கையால் ஒரு சொட்டுத் தண்ணிகூட வாங்கிக் குடிக்கவில்லை, தானாகக் கிணற்றடிக்குப் போய் அள்ளிக் குடித்தார். மருந்தும் போனது, என்மேல் இருந்த நம்பிக்கையும் போனது. பிறகு மூத்த ராத்தா வந்து பக்கத்தில் படுத்துக்கிடந்து பத்து நாள் கதைத்துத்தான் உம்மா சம்மதித்தார்.

உண்மையைச் சொல்லியே கூட்டிக்கொண்டு போங்க. இரண்டு கிழமை பிந்தினாலும் பரவாயில்லை.


கோணேசர் அடியவன் எழுதியது:

எல்லோரும் மருந்து மருந்து என்கிறீர்கள். என் அனுபவத்தில் மனம் விட்டுப்போன ஒரு காலத்தில் நான் தினமும் விடியற்காலை கோட்டை வாசலால் நடந்து சுவாமிமலைக்கு ஏறிக் கோணேசரைக் கும்பிட்டுத்தான் தப்பினேன். அந்தக் காற்றும் கடலும் தந்த தெம்பை எந்தக் குளிசையும் தராது. இந்தக் குளிசைகளைத் தொடங்கினால் வாழ்நாள் முழுக்க அதற்கு அடிமை என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன். அம்மாவை முதலில் கோயிலுக்குக் கூட்டிப்போங்கள் தம்பி.


ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

மகன், நான் 31 வருடம் அரச ஆஸ்பத்திரிகளில் தாதியாக இருந்தவள், கடைசி ஒன்பது வருடமும் மனநல வோர்ட்டில். நான் டொக்டர் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

எல்லாவற்றுக்கும் முதல் ஒன்று. அம்மா தன்னைப் பாரம் என்று சொன்னதை நீங்கள் நடுவில் ஒரு வரியாக எழுதிவிட்டு அப்பால் போய்விட்டீர்கள். நான் அந்த வரியில்தான் நிற்கிறேன். இன்று இரவே அம்மாவின் பக்கத்தில் இருந்து நேராகக் கேளுங்கள், "அம்மா, சாகவேண்டும் என்று நினைப்பு வருகிறதா?" என்று. கேட்டால் நாமே அந்த எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள், அப்படி நடப்பதில்லை, கேட்ட உடனேயே கனபேருக்கு மூச்சு வரும், இதைச் சொல்ல ஒரு ஆள் கிடைத்ததே என்று. ஆம் என்றோ, எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறேன் என்றோ சொன்னால் கிளினிக் நாளைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டாம், எந்த நேரமானாலும் ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள், தனியே விடாதீர்கள். கேட்கமுன்னமே வீட்டில் உள்ள எல்லாக் குளிசைகளையும், தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து இருந்தால் அதையும், பூட்டித் திறப்பை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் யாரோடாவது பேசவேண்டும் என்றால் 1926 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம், தேசிய மனநல நிறுவனம் நடத்துகிற இலவச இலக்கம், தமிழிலும் பேசலாம். இதைச் சொன்னால் பொலிஸ் கேஸ் ஆகுமோ என்று இன்னும் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றம் என்ற சட்டத்தை இலங்கையில் 1998 இலேயே எடுத்துவிட்டார்கள்.

சரி, இனி வருத்தத்துக்கு வருவோம். டொக்டர்மார் முதலில் இரண்டு விஷயத்தைத் தேடுவார்கள், ஒன்று நாளில் பெரும்பகுதி மனம் தாழ்ந்து கிடப்பது, மற்றது முன்பு பிடித்ததில் ஈடுபாடு போய்விடுவது. இந்த இரண்டில் ஒன்றாவது இருந்து, அதோடு நித்திரை, பசி, உடற்சோர்வு, கவனம், உடலோ பேச்சோ மந்தமாகுவது அல்லது அமைதியில்லாமல் தவிப்பது, தன்னைக் குறைவாக நினைப்பது, சாவைப் பற்றிய நினைப்பு, இவற்றில் பலதும் சேர்ந்து எல்லாமாக ஐந்தாவது இருந்து, கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் என்று இரண்டு கிழமைக்குமேல் போனால் அது சாதாரணக் கவலை இல்லை என்று எடுப்பார்கள். உங்கள் அம்மா மீனைப் பார்க்காமல் சட்டியை நீட்டுவதை டொக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். "சோர்வாக இருக்கிறா" என்று சொன்னால் டொக்டருக்கு ஒன்றும் விளங்காது, மீன்காரர் கேட்டதைச் சொன்னால் விளங்கும். எங்கள் ஆட்கள் மனம் சரியில்லை என்று சொல்லி வருவது குறைவு, நெஞ்சு எரிவு, தலையிடி, உளைவு என்றுதான் வருவார்கள். அது பொய்யும் இல்லை, நடிப்பும் இல்லை, உண்மையாகவே உளையும்.

அடுத்து, இதே மாதிரிக் காட்டுகிற வேறு வருத்தங்களும் உண்டு. தைரொயிட் குறைந்தால் ஆள் இப்படியே மந்தமாகிவிடும், இரத்தம் குறைந்தாலும், பி12 விற்றமின் குறைந்தாலும், சீனி கூடினாலும் அசதி வரும். அதனால் இரத்தப் பரிசோதனை செய்வார்கள். அம்மா எடுக்கிற எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள், முழங்காலுக்குப் பார்மசியில் வாங்குகிற நோக்குளிசையையும் சேர்த்து. சேர்ட்ரலீன், புளுவொக்சிட்டீன் போன்ற மனச்சோர்வு மருந்துகளோடு சில நோக்குளிசைகள் சேர்ந்தால் குடலில் இரத்தம் கசிகிற ஆபத்துக் கூடும், வயது போனவர்களுக்கு, அதுவும் பிறஷருக்கு நீர் போகிற குளிசை எடுப்பவர்களுக்கு, உடம்பில் உப்புக் குறையவும் கூடும். டொக்டருக்குத் தெரிந்தால் அதற்கேற்பத் தருவார். முன்பு எப்போதாவது அம்மா நித்திரையே தேவைப்படாமல் நாள்கணக்கில் மிதமிஞ்சிய உற்சாகமாக, கட்டுப்பாடில்லாமல் செலவழித்துக்கொண்டு இருந்த காலம் உண்டா என்றும் கேட்பார்கள், உண்டென்றால் மறைக்காதீர்கள், அதற்கு மருந்தே வேறு. அந்த நித்திரைக் குளிசை சில கிழமைக்குத்தான் சரி, தொடர்ந்தால் உடம்பு அதைக் கேட்கத் தொடங்கிவிடும். ஆனால் சடாரென்று நிறுத்தவும்கூடாது, டொக்டரைக் கேளுங்கள்.

கோணேசர் அடியவன் ஐயா, நீங்கள் அடிமையாகிவிடும் என்று சொன்னது அந்த நித்திரைக் குளிசைக்குத்தான் பொருந்தும். மனச்சோர்வு மருந்து அப்படி இல்லை, கூடக் கூட வேண்டும் என்று ஆள் அலையமாட்டார், திடீரென்று விட்டால் தலைச்சுற்று, எரிச்சல் வரும், அதனால் மெல்லமெல்லக் குறைத்து நிறுத்துவார்கள். முதல்தடவை வந்தவருக்கு நல்லாகி ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள், முந்தி நிறுத்தினால் திரும்ப வரக்கூடும், டீச்சர் எழுதியது அதுதான். நீங்கள் மலை ஏறியது நல்ல விஷயம், அம்மாவுக்கும் நடை உதவும், கோயிலும் உதவும், ஆனால் ஏறத் தெம்பு இருந்தவர் நீங்கள். அந்தத் தெம்பே இல்லாமல் போவதுதான் இந்த வருத்தம். தலை இழுக்கக் கையைத் தூக்க முடியாதவரிடம் மலை ஏறு என்று சொன்னால், ஏறமுடியவில்லையே என்று இன்னுமொரு குற்றம் தன்மேல் போட்டுக்கொள்வார்.

அப்பாவுக்கும் சொல்லுங்கள். கரண்ட் என்று அவர் பயப்படுகிற சிகிச்சை உண்டு, மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வார்கள், சாப்பாடு தண்ணியே இறங்காத அளவுக்குக் கடுமையானவர்களுக்கும் மருந்து பிடிக்காதவர்களுக்கும்தான், கையெழுத்து வாங்கித்தான். கிளினிக்குக்கு முதல்நாள் போகிற யாருக்கும் அதைச் செய்வதில்லை. அங்கொடைக்கு அனுப்பியது எங்கள் அம்மாமார் காலத்துக் கதை, இப்போது திருமலையிலேயே வைத்தியம் இருக்கிறது, அதற்குக் காசும் இல்லை.

கூட்டிப்போகிற வழி கேட்டீர்கள். கிண்ணியாத் தம்பி சொன்னதுபோலப் பொய் வேண்டாம். ஆனால் "மனநோய்" என்று தொடங்கவும் வேண்டாம். அம்மாவுக்கே எது பெரிய கரைச்சலோ அதிலிருந்து தொடங்குங்கள், நித்திரை இல்லாதது அவருக்கும் தெரியும்தானே. "மூன்று மணிக்கு எழும்பி இருக்கிறீங்கள் அம்மா, நானும் முழித்துக் கிடக்கிறேன், இதுக்கு வைத்தியம் பார்க்கிற டொக்டர் மனநலக் கிளினிக்கில்தான் இருக்கிறார், நான் கூட வாறன்" என்று சொல்லுங்கள். அது முழு உண்மை. ஏன் வந்தது, எதனால் வந்தது என்று வீட்டில் எல்லோரும் விசாரணை நடத்துவதையும் நிறுத்துங்கள். காரணம் இருக்கலாம், இல்லாமலும் வரும். நிமோனியா வந்தவரிடம் உனக்கு என்ன குறை என்று யாரும் கேட்பதில்லையே.


பாலையூற்று மகன் எழுதியது (மறுநாள்):

கேட்டேன்.

கரண்ட் போயிருந்தது, அம்மா குசினிப் படியில் இருந்தார், நானும் போய் ஒரு படி கீழே இருந்தேன். கேட்கவே எனக்கு அரை மணித்தியாலம் எடுத்தது, தொண்டை அடைத்துவிட்டது. கேட்டதும் அம்மா கனநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, சில இரவில் இப்படியே விடியாமல் இருந்தால் நல்லது என்று நினைப்பேன், ஆனால் நானாக ஒன்றும் செய்யமாட்டேன், உங்களை விட்டுட்டு எப்படி என்று சொன்னார். அதுக்குப் பிறகு 2004 சுனாமியில் போன பெரிய மாமாவின் பேரைச் சொன்னார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மா மாமாவின் பேரைச் சொல்லிக் கேட்டதே இல்லை. தம்பி வெளிநாடு போன அன்றைக்கு எயார்போர்ட்டில் கைகாட்டினபோது மாமா கடைசியாகக் கைகாட்டிவிட்டுப் போன மாதிரியே இருந்ததாம், அன்றையிலிருந்து நித்திரை இல்லையாம். நான் அழுதுவிட்டேன், அம்மா அழவில்லை, என் தலையைத் தடவிக்கொண்டு இருந்தார்.

குளிசைகளைப் பூட்டிவிட்டேன் தாதி அம்மா. நித்திரைக்கு வைத்தியம் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார். மனநலக் கிளினிக் என்று சொல்லித்தான் கேட்டேன், முகம் மாறியது, ஆனாலும் தலையை ஆட்டினார்.


பாலையூற்று மகன் எழுதியது (ஆறு கிழமைக்குப் பிறகு):

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பிந்திவிட்டது, மன்னிக்கவும்.

முதல்நாள் டொக்டர் எங்களோடு முக்கால் மணித்தியாலம் இருந்தார். அம்மாவோடு தனியே பேசினார், பிறகு என்னைக் கூப்பிட்டார். மீன்காரர் கதையைச் சொன்னேன், அதை அப்படியே எழுதிக்கொண்டார். இரத்தம் எடுத்தார்கள், தைரொயிட் சரியாக இருந்தது, இரத்தம் கொஞ்சம் குறைவு என்று இரும்புக் குளிசையும் தந்தார்கள். சேர்ட்ரலீன் பாதிக் குளிசையில் தொடங்கி இரண்டாம் கிளினிக்கில் முழுதாக்கினார்கள். முழங்கால் நோக்குளிசையை நிறுத்திப் பனடோல் போடச் சொன்னார்கள், பூச ஒரு மருந்தும் தந்தார்கள். நித்திரைக் குளிசையைக் கிழமைக்குக் கிழமை குறைத்து நிறுத்தியாயிற்று. உளவளத்துணையாளர் ஒருவரிடமும் அனுப்பினார்கள், அவரிடம்தான் அம்மா மாமாவைப் பற்றிக் கதைக்கிறாராம், என்ன கதைக்கிறார் என்று நான் கேட்பதில்லை.

டீச்சர் சொன்ன முதல் பத்து நாளும் அப்படியே வந்தது. வயிற்றைப் பிரட்டுது என்று அம்மா நாலாம் நாள் குளிசையைத் துப்பிவிட்டார். இது வருமென்று முன்னமே தெரிந்ததால் நான் பதறவில்லை, சாப்பாட்டோடு போடுங்கோ, இன்னும் ஒரு கிழமை பார்ப்போம் என்று சொன்னேன், போட்டார். முதலில் திரும்பியது நித்திரைதான். இப்போது மூன்று மணிக்கு எழும்புவதில்லை, ஐந்து மட்டும் கிடக்கிறார். தலை இழுக்கிறார். மீன்காரரிடம் இன்னும் "ஏதாவது தாங்கோ" என்றுதான் சொல்கிறார், கோயிலுக்கும் இன்னும் போகவில்லை, நான் வற்புறுத்தவும் இல்லை. அப்பா முதல் இரண்டு தடவையும் வரவில்லை. போன தடவை தானாகவே சேட்டைப் போட்டுக்கொண்டு வந்து ஓட்டோவுக்குள் ஏறி இருந்தார். ஒரு கதையும் இல்லை, போகிற வழி முழுக்க அம்மாவின் கிளினிக் கொப்பியை மடியில் வைத்திருந்தார். தங்கையின் விஷயத்தில், மாப்பிள்ளை வீட்டுக்கு நாங்களே சொல்லிவிட்டோம், பதில் இன்னும் வரவில்லை.

ஒரு கேள்வி. அடுத்த கிளினிக் அன்று எனக்கு லீவு இல்லை, அப்பாவுக்கும் கண் ஒப்பரேஷன். அம்மாவைக் கூட்டிப்போகாமல் கொப்பியை மட்டும் தங்கையிடம் கொடுத்து மருந்து எடுக்கலாமா?


ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

நிலைமையைப் பார்த்துச் சில நேரம் தருவார்கள், ஆனால் இப்போது வேண்டாம் மகன். ஆறாம் கிழமைதான் மருந்து போதுமா, அளவைக் கூட்டவேண்டுமா என்று பார்க்கிற நேரம், ஆளைக் காணாமல் டொக்டர் அதை முடிவெடுக்க முடியாது. தங்கையே அம்மாவைக் கூட்டிப்போகட்டும், வெள்ளணவே போய்த் துண்டு எடுக்கச் சொல்லுங்கள். அம்மாவுக்கு வியர்வையோ கைநடுக்கமோ தலைச்சுற்றோ இருந்தால் இன்றைக்கே கொப்பியின் பின்பக்கம் குறித்து வையுங்கள், அங்கே போனதும் மறந்துபோகும்.


நிலாவெளி டீச்சர் எழுதியது:

தங்கைக்குத் தனியே போகத் தயக்கமாக இருந்தால் திகதியைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். அன்றைக்கு எனக்குப் பாடம் இல்லாவிட்டால் நானும் வந்து அந்த வாங்கில் இருக்கிறேன்.